காலி எடை

ஒரே கப்பலில் வந்த இரண்டு பெட்டிகள்.
நூற்றுப் பதினேழு, நூற்றுப் பதினெட்டு.
ஒரே வரைபடம், ஒரே எஞ்சின், அருகருகே இரண்டு இருக்கை.
கட்டிய கைகள்தான் வேறு.

முதலாவது பண்டாரவளையில், டொக்டர் வீரக்கோனின் கராஜில்.
பல் கட்டுகிறவர். ஆயிரக்கணக்கான ரிவெட்டில்
ஒன்றுகூட வரிசை பிசகவில்லை.
தோல் இருக்கை, இரண்டு திரை, வெள்ளைப் பூச்சு ஐந்து கை.
ஆறு வருடத்தில் பறந்தது முப்பத்தெட்டு மணித்தியாலம்.
பெர்னதெத் வலப்பக்கம் ஏறி உட்கார்ந்து
பெல்ட்டை இழுத்தாள்.
கம்பனியில் மடித்த மடிப்பு அப்படியே வந்தது.
"இதையே எடுப்போமே."
நான் எண்ணெய்க் கோலை உருவி முகர்ந்தேன்.
ஓடித் தேய்ந்ததைத் திருத்தலாம்.
நின்று துருப்பிடித்தது
உள்ளே என்ன செய்திருக்கிறதென்று சொல்லாது.
தேயிலை ரோலர் கழற்றிப் பிழைக்கிறவள் நான்.

காலி எடை: முந்நூற்று இருபத்தாறு கிலோ.
கொழும்புத் தராசு, முத்திரை வைத்த சீட்டு.

இரண்டாவது அப்புத்தளைக்கு மேலே,
மூடிக் கிடக்கிற ஃபெக்டரியில்.
அங்கே டீமேக்கராக இருந்த ஜெபநேசன் கட்டியது.
ஆறாம் நம்பர் மலையை நிரவிப் புல் போட்டிருக்கிறார்.
ஓடுபாதை முடிகிற இடத்தில் மலையும் முடிகிறது;
அதற்கப்பால் வெல்லவாய வரை வெறும் காற்று.
அறுநூற்று நாற்பது மணித்தியாலம்.
பூச்சு, சாயம் போன தேத்தண்ணீர் நிறம்.
முன்கால் ஒருமுறை வளைந்ததும்
யாருடைய பிழை என்பதும் ("என்னுடையது")
புத்தகத்தில் இருக்கிறது.

காலி எடை: முந்நூற்றுப் பதினொன்று.

பதினைந்து கிலோ இலேசு.
பெர்னதெத்தின் முகம் மாறியது.
"எதில் நிறுத்தீர்கள்?" என்றேன்.
மூலையைக் காட்டினார்.
கொழுந்துத் தராசு.

எனக்கு அதைத் தெரியும்.
என் எடை ஐம்பத்தெட்டு, போன வாரம் ஆஸ்பத்திரியில் பார்த்தது.
சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஏறினேன்.
முள் ஆடி ஆடி
ஐம்பத்தைந்தில் நின்றது.

சாக்குக்கு ஒன்று. தண்ணீருக்கு இரண்டு.
வெயில் நாளிலும் தண்ணீருக்கு இரண்டு.
அந்த மூன்று கிலோவால்
அம்மாவுக்கு அரைப்பேர் விழுந்த நாட்களை
நான் எண்ணியதில்லை. அவள் எண்ணியிருக்கிறாள்.

மூன்று சக்கரம், மூன்று முறை நிறுவை:
ஒன்பது கிலோ எங்கே என்று கேட்க வாயெடுத்தேன்.
அவர் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார்.
பென்சிலில், சின்ன எழுத்தில்:
*தராசுப் பிழை, ஒன்பது கூட்டுக. சரியான எடை 320.*
திகதி, கட்டி முடித்த அதே கிழமை.

ஆக, தெரிந்திருக்கிறது.

வெளியே பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறத் தொடங்கியது.
மூன்று பேரும் பேசவில்லை.
பெர்னதெத் மட்டும் சிகரட் பெட்டியின் பின்னால் கணக்குப் போட்டாள்:
முந்நூற்றிருபது, அவள் எழுபத்தொன்று (ஒளிக்கமாட்டாள்),
நான் ஐம்பத்தெட்டு, நிறைய எண்ணெய் எழுபது.
ஐந்நூற்றுப் பத்தொன்பது. எல்லை ஐந்நூற்றிருபது.
டொக்டருடையதில் ஐந்து கிலோ கூடிப்போகும்.
நாலாயிரத்து எழுநூறு அடியில்
காற்று ஏற்கெனவே தண்ணீர் கலந்த பால்.

ஆளை மன்னிப்பது வேறு, இறக்கையை நம்புவது வேறு.
நான் நம்பியது அந்தப் பென்சில் வரியை.

"அறுபது லட்சம்" என்றார்.
"நூற்றுக்கு மூன்று கழிப்பேன்."
"எதற்கு?"
"ஒன்று சாக்குக்கு. இரண்டு தண்ணீருக்கு."

அவர் பேரம் பேசவில்லை.
தராசின் பக்கம் பார்க்கவுமில்லை.
ஒன்று எண்பதைத் தானே கழித்து எழுதி
கையெழுத்துப் போட்டார், கொஞ்சம் கோணலாக.

பிறகு பனி விலகும் வரை
பெர்னதெத்தும் நானும் உள்ளே உட்கார்ந்திருந்தோம்.
வலப்பக்க பெல்ட் கிழிந்து, தைத்து, மறுபடி கிழிந்திருந்தது.
அதை மாற்ற வேண்டும்.
புதியது எத்தனை கிராம் என்று
அவள் கேட்கத் தொடங்கிவிட்டாள்.